கருத்தரிப்பு மருந்துக்குப் பிறகு: கர்ப்பமும் குழந்தையின் நலனும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருமுட்டை வளர்வதற்காக மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு கருவுற்றவர்களும், எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. க்ளோமிஃபீன், லெட்ரோசோல் ஆகிய மாத்திரைகளும் கொனாடோட்ரோஃபின் ஊசிகளுமே முக்கியமாகப் பேசப்படுகின்றன. சோதனைக்குழாய் முறை தனியே எழுத வேண்டிய பெரிய பொருள். அதைப் பற்றிய ஆய்வு நம் கேள்விக்கு உதவும் இடங்களில் மட்டும் குறிப்பிடப்படும்.

கேள்வி: இந்த மருந்துகள் உடலுக்குள் என்ன செய்கின்றன?

மூன்றும் ஒரே இடத்துக்கு மூன்று வழிகளில் போய்ச் சேருகின்றன. க்ளோமிஃபீன், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் போதிய அளவு இருந்தாலும் அது குறைந்துவிட்டதாக மூளையை நம்ப வைக்கிறது. லெட்ரோசோல், ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே சில நாட்களுக்குத் தடுத்து உண்மையாகவே அதைக் குறைக்கிறது. இரண்டிலும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விழித்துக்கொண்டு, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. கொனாடோட்ரோஃபின் ஊசியோ மூளை வழியாகச் சுற்றிப் போகாமல், தூண்டும் ஹார்மோனையே நேராகக் கொடுத்துவிடுகிறது. பின்னர் வரும் பல பதில்களுக்கு இந்த வேறுபாடே அடிப்படை என்பதால் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது: மாத்திரைகளில் உடலின் சொந்தக் கட்டுப்பாடு ஓரளவு மிஞ்சியிருக்கிறது, ஊசியில் அந்தக் கட்டுப்பாடு மருத்துவரின் கைக்கு மாறிவிடுகிறது.

கேள்வி: நான் சாப்பிட்ட மாத்திரை என் குழந்தையைச் சென்று சேர்ந்திருக்குமா?

கால வரிசையைப் பார்த்தால் பெரும்பகுதி அச்சம் குறையும். மாதவிலக்கு தொடங்கிய 2ஆம் நாள் முதல் 5ஆம் நாளுக்குள் ஆரம்பித்து, ஐந்து நாட்களுக்கு மாத்திரை கொடுக்கப்படுகிறது. கடைசி மாத்திரைக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தே முட்டை வெடிக்கிறது. கரு கருப்பையில் பதிய அதற்கு மேலும் ஒரு வாரம் ஆகிறது. லெட்ரோசோலின் அளவு உடலில் சுமார் இரண்டு நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்பதால், கரு பதியும் நேரத்தில் அது ஏறக்குறைய முழுவதும் நீங்கியிருக்கும்.

க்ளோமிஃபீன் அவ்வளவு சீக்கிரம் வெளியேறுவதில்லை. அது இரண்டு வடிவங்களின் கலவை. அவற்றில் ஒன்று சில வாரங்கள் வரை மிகச் சிறிய அளவில் உடலில் தங்கக்கூடியது. ஆகவே குழந்தையின் உறுப்புகள் உருவாகத் தொடங்கும் வாரங்களில் அதன் எச்சம் இருக்குமா என்று கேட்பது வீண் பயமல்ல, நியாயமான கேள்வி. அதற்கான பதிலை வேதியியல் தர முடியாது. பிறந்த குழந்தைகளைக் கணக்கெடுத்த ஆய்வுகள்தாம் தர முடியும். கொனாடோட்ரோஃபின் என்பது பெரிய புரத மூலக்கூறு. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குறிப்பிடத்தக்க அளவில் அது குழந்தையிடம் செல்வதில்லை.

கேள்வி: பிறவிக் குறைபாடுகள் அதிகமாகுமா?

முதலில் ஒப்பிட ஓர் அளவு தேவை. எந்தச் சிகிச்சையும் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளிலும் ஏறத்தாழ நூற்றில் மூவருக்கு ஏதேனும் ஒரு பெரிய பிறவிக் குறைபாடு இருக்கிறது. ஆகவே மருந்து எடுத்துக்கொண்ட ஒருவரின் குழந்தைக்குக் குறைபாடு இருந்தால், அதற்கு மருந்தே காரணம் என்று சொல்லிவிட முடியாது; மருந்து எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும்.

யாரோடு ஒப்பிடுவது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. எளிதில் கருவுற்றவர்களோடு ஒப்பிட்டால் சிறிய அதிகரிப்பு ஒன்று அடிக்கடித் தென்படுகிறது. ஆனால் சிகிச்சைக்கு வருபவர்கள் பொதுவாக வயது கூடியவர்கள். அவர்களில் பலருக்குச் சினைப்பை நீர்க்கட்டி, தைராய்டு கோளாறு, உடல் பருமன், சர்க்கரை ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது. டென்மார்க்கில் நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றது. ஓராண்டுக்கு மேல் காத்திருந்து, எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தாமாகவே கருவுற்ற தம்பதியரைத் தனிக் குழுவாக அது வைத்தது. சீக்கிரம் கருவுற்றவர்களின் ஒற்றைக் குழந்தைகளோடு ஒப்பிடுகையில், இந்த மருந்தே தொடாத குழுவின் குழந்தைகளுக்கும் பிறவிக் குறைபாடுகள் சுமார் 20 சதவீதம் கூடுதலாக இருந்தன. சிகிச்சை பெற்றவர்களின் குழந்தைகளுக்குச் சுமார் 39 சதவீதம் கூடுதலாக இருந்தன. காத்திருந்த காலம் நீள நீளக் குறைபாடுகளும் கூடின. இந்தச் சதவீதங்கள் ஏற்கெனவே உள்ள சிறிய எண்ணின் மீது ஏறுபவை என்பதை மறக்கக் கூடாது: மூன்றின் மீது 39 சதவீதம் ஏறினாலும் நான்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

இதிலிருந்து என் முடிவு இது: கூடுதல் ஆபத்தில் கணிசமான பங்கு, கருவுறுதலைத் தாமதப்படுத்திய அதே காரணங்களிலிருந்து வருகிறது. எனினும் மருந்துக்குப் பங்கே இல்லை என்றும் சத்தியம் செய்ய முடியாது. அதே டென்மார்க் ஆய்வில், பிறப்புறுப்பு சார்ந்த குறைபாடுகள் சிகிச்சை பெற்றவர்களின் குழந்தைகளிடம் கூடுதலாகவே காணப்பட்டன. அமெரிக்காவில் பிறவிக் குறைபாடுகளை ஆராயும் ஆய்வொன்று 2011இல் க்ளோமிஃபீனுக்கும் சில அரிய குறைபாடுகளுக்கும் இடையே தொடர்பு இருக்கலாம் என்றது. ஒவ்வொரு குறைபாட்டிலும் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்ததால் அதை உறுதியான முடிவாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: லெட்ரோசோல் குழந்தைக்கு ஆபத்தானது என்று எங்கோ படித்தேன். உண்மையா?

அந்தப் பேச்சுக்கு ஒரு தொடக்கம் உண்டு. 2005இல் மருத்துவ மாநாடு ஒன்றில், லெட்ரோசோலுக்குப் பிறகு பிறந்த சுமார் 150 குழந்தைகளை முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரணப் பிரசவங்களோடு ஒப்பிட்ட சுருக்கக் கட்டுரை ஒன்று வாசிக்கப்பட்டது. இதயக் குறைபாடுகளும் எலும்புக் குறைபாடுகளும் கூடுதலாக இருந்ததாக அது கூறியது. ஒப்பிடப்பட்ட தாய்மார்கள் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு வந்தவர்கள் அல்லர்; சிகிச்சை பெற்றவர்களைவிட வயதிலும் குறைந்தவர்கள். அந்தக் கட்டுரை முழு வடிவில், சக ஆய்வாளர்களின் பரிசீலனைக்குப் பிறகு வெளிவரவே இல்லை. இருந்தும் மருந்தைத் தயாரித்த நிறுவனம் உலகெங்கும் எச்சரிக்கை அனுப்ப, செய்தி பரவிவிட்டது.

அடுத்த ஆண்டே கனடாவில் 911 குழந்தைகளைக் கணக்கெடுத்த ஆய்வு வந்தது. லெட்ரோசோல் குழுவில் 2.4 சதவீதக் குழந்தைகளுக்கும் க்ளோமிஃபீன் குழுவில் 4.8 சதவீதக் குழந்தைகளுக்கும் குறைபாடுகள் இருந்தன. 2014இல், சினைப்பை நீர்க்கட்டி உள்ள 750 பெண்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரு குழுவாகப் பிரித்து நடத்திய அமெரிக்க ஆய்வு, பிறவிக் குறைபாடுகளில் இரு மருந்துக்கும் இடையே கருதத்தக்க வேறுபாடு இல்லை என்று காட்டியது. அதே ஆய்வில் உயிருடன் குழந்தை பெற்றவர்கள் லெட்ரோசோலில் 27.5 சதவீதம், க்ளோமிஃபீனில் 19.1 சதவீதம். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இன்று லெட்ரோசோலே முதல் தேர்வாக ஆகியிருப்பதற்கு இதுவே காரணம். மருந்து அட்டையோடு வரும் தாளில் இது மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து என்றும் கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது என்றும் எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் திடுக்கிடுகிறார்கள்; அது பொய்யல்ல, ஆனால் அது பேசுவது கர்ப்பத்தின் நடுவே எடுப்பதைப் பற்றி.

கேள்வி: அப்படியானால் குழந்தையின் நலனுக்கு உண்மையான ஆபத்து எதிலிருந்து வருகிறது?

ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் ஒரே நேரத்தில் கருவாவதிலிருந்து. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

மருந்து மூலக்கூறு குழந்தையைத் தொடுமா என்று கவலைப்படுபவர்களே, மூன்று முட்டைகள் ஒன்றாக வளர்ந்திருக்கின்றன என்று கேட்டதும் மகிழ்வதைப் பார்க்கிறோம். கணக்கு இதற்கு நேர்மாறானது. ஒற்றைக் குழந்தை சராசரியாக 39 வாரங்களில் பிறக்கிறது. இரட்டையர் 35 அல்லது 36 வாரங்களிலும், மூவர் சுமார் 32 வாரங்களிலும் பிறக்கிறார்கள். இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரங்கள் முடியும் முன்பே பிறந்துவிடுகிறார்கள். மூவராகக் கருவானவர்கள் ஏறக்குறைய அனைவருமே குறைமாதக் குழந்தைகள்தாம். 2.5 கிலோவுக்குக் குறைந்த எடை, முதிராத நுரையீரலால் வரும் மூச்சுத் திணறல், மூளையில் இரத்தக் கசிவு, குடல் அழற்சி, விழித்திரைப் பாதிப்பு, நெடுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசம் ஆகியவை அனைத்தும் பெரும்பாலும் இந்தக் குறைமாதத்தின் வழியாகவே வருகின்றன. மூளை முடக்குவாதம் இரட்டையரிடம் ஒற்றைக் குழந்தைகளைவிடப் பல மடங்கு அதிகம். மூவரிடம் அதனினும் அதிகம்.

தாய்க்கும் இது இலேசானதல்ல. கர்ப்பகால இரத்தக்கொதிப்பு, சர்க்கரை, இரத்தசோகை, பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு, அறுவைப் பிரசவம் ஆகிய எல்லாமே கூடுகின்றன. 1997இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இத்தகைய ஊசிக்குப் பிறகு ஒரே பிரசவத்தில் ஏழு குழந்தைகள் பிறந்து ஏழும் பிழைத்த செய்தியை உலகம் கொண்டாடியது. அவர்களில் இருவருக்கு மூளை முடக்குவாதம் இருந்தது என்பது, படங்களைப் பார்த்தவர்களில் பலருக்கு நினைவில் தங்கவில்லை.

கேள்வி: எந்த மருந்தில் இரட்டையர் வாய்ப்பு அதிகம்?

ஊசியில். காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள 900 தம்பதியரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மருந்தோடு விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் முறையும் அதில் சேர்க்கப்பட்டது. கருவுற்றவர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கரு உண்டானது, கொனாடோட்ரோஃபின் குழுவில் ஏறக்குறைய 32 சதவீதம், லெட்ரோசோலில் 13 சதவீதம், க்ளோமிஃபீனில் 9 சதவீதம். மாத்திரைக் குழுக்களில் உண்டானவை எல்லாம் இரட்டைக் கருக்கள். ஊசிக் குழுவில் 24 இரட்டைக் கருக்களோடு 10 மூன்று கருக்களும் இருந்தன. உயிருடன் குழந்தை பெறும் வாய்ப்பு ஊசியில் 32.2 சதவீதமாகவும், க்ளோமிஃபீனில் 23.3 ஆகவும், லெட்ரோசோலில் 18.7 ஆகவும் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கூடுதல் வாய்ப்புக்குக் கொடுக்கும் விலை எது என்பதையும் அந்த ஆய்வே காட்டிவிடுகிறது.

சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களில் நிலைமை சற்று வேறு. முன்பு சொன்ன 2014ஆம் ஆண்டு ஆய்வில் கருவுற்றவர்களிடையே இரட்டையர் லெட்ரோசோலில் 3.4 சதவீதமும் க்ளோமிஃபீனில் 7.4 சதவீதமும் இருந்தனர்.

கேள்வி: "முட்டை நிறைய வளர்ந்துவிட்டது, இந்த மாதம் ஊசி வேண்டாம்" என்று மருத்துவர் சொல்கிறார். மாதம் வீணாகிவிடாதா?

இரண்டு, மூன்றுக்கு மேற்பட்ட முட்டைகள் முதிர்ந்த அளவை எட்டிவிட்டால், முட்டை வெடிக்கப் போடும் ஊசியைத் தவிர்த்து, அந்த மாதம் உறவையும் தவிர்க்கச் சொல்வது நல்ல மருத்துவத்தின் அடையாளம். ஒரு மாதத்தை இழப்பது வலிக்கும். செலவழித்த பணமும் பொறுத்த ஊசி வலியும் கண்முன் நிற்கும். ஆனாலும் தூண்டல் சிகிச்சையில் குழந்தையின் நலனைத் தீர்மானிக்கும் மிகப் பெரிய முடிவு எடுக்கப்படுவது அந்த ஸ்கேன் அறையில்தான், பிரசவ அறையில் அல்ல. எத்தனை முட்டைகள், எவ்வளவு பெரியவை, எத்தனையைத் தாண்டினால் நிறுத்துவீர்கள் என்று சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் கண்காணிப்பே இல்லாமல் ஊசி போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: இரட்டைக் கரு உண்டாகிவிட்டது. இனி என்ன செய்ய வேண்டும்?

பதற வேண்டாம்; பெரும்பாலான இரட்டையர் நலமாகவே வளர்கிறார்கள். மேலே சொன்னவை வாய்ப்புகளின் கணக்கே தவிர, யாருடைய விதியும் அல்ல. முதலில் தெரிய வேண்டியது, இரு குழந்தைகளுக்கும் நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பது. அதை 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில் துல்லியமாகச் சொல்லலாம்; பிறகு கண்டுபிடிப்பது கடினம். மருந்தால் உண்டாகும் இரட்டையர் பெரும்பாலும் இரு வேறு முட்டைகளிலிருந்து வருவதால் நஞ்சுக்கொடியும் இரண்டாக இருக்கும். அதுவே பாதுகாப்பான வகை. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்பவர்களில் 10 முதல் 15 சதவீதத்தினருக்கு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இரத்தம் அளவுக்கு மீறிப் பாயும் நிலை ஏற்படலாம் என்பதால், 16ஆம் வாரத்திலிருந்து இரு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் தேவைப்படும். இரண்டு நஞ்சுக்கொடி என்றால் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போதும்.

மூன்றோ அதற்கு மேலோ உண்டானால், கருக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் முறை ஒன்று இருக்கிறது. முதல் மூன்று மாதங்களின் இறுதியில் செய்யப்படுவது. மீதிக் கருக்களின் வாய்ப்பை அது மேம்படுத்துகிறது. முழுக் கர்ப்பமும் கலைந்துபோகும் சிறிய ஆபத்தும் அதில் உண்டு. மருத்துவக் கணக்கு இதில் பாதிதான். மறுபாதி தம்பதியரின் மனமும் நம்பிக்கையும் சார்ந்தது. அந்த முடிவை அவர்களுக்காக வேறு யாரும் எடுக்கக் கூடாது.

கேள்வி: எனக்கு ஒற்றைக் குழந்தைதான். அப்படியானால் கவலையே வேண்டாமா?

பெரும்பகுதி ஆபத்து விலகிவிட்டது என்று துணிந்து சொல்லலாம். ஒற்றைக் குழந்தைகளிலும் குறைமாதமும் எடைக்குறைவும் சிறிதளவு கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. இது சிகிச்சையாலா, தாயின் உடல்நிலையாலா என்ற அதே பழைய கேள்வி இங்கும் எழுகிறது. நார்வேயில் 2008இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு குழந்தையைச் சோதனைக்குழாய் முறை போன்ற சிகிச்சையாலும் இன்னொன்றை இயல்பாகவும் பெற்ற தாய்மார்களின் குழந்தைகளை ஒப்பிட்டது. ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளோடும் ஒப்பிடும்போது தெரிந்த வேறுபாடு, உடன்பிறந்தவர்களுக்குள் ஒப்பிட்டபோது பெருமளவு மறைந்துவிட்டது. தாய் ஒருவரே என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

கேள்வி: முதல் ஸ்கேனில் இரண்டு தெரிந்தன, பிறகு ஒன்றுதான் இருக்கிறது என்கிறார்கள். மற்றது என்னவாயிற்று?

தொடக்க வாரங்களில் ஒரு கரு வளர்ச்சி நின்று, மெல்ல உடலாலேயே உறிஞ்சப்பட்டுவிடுவது அரிதல்ல. டென்மார்க்கில் சோதனைக்குழாய் முறையில் பிறந்த ஒற்றைக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் இரட்டைக் கருவாகத் தொடங்கியவர் என்று 2005இல் கணக்கிடப்பட்டது. எட்டு வாரங்களுக்குள் இது நடந்தால் மீதிக் குழந்தைக்குப் பெரும்பாலும் பாதிப்பில்லை. தாமதமாக நடந்தால் எடைக்குறைவுக்கான வாய்ப்பு சற்றுக் கூடும். தாயின் இரத்தத்திலிருந்து குழந்தையின் குரோமோசோமைக் கணிக்கும் சோதனைக்குச் செல்லும்போது இதைக் கட்டாயம் சொல்லுங்கள். மறைந்த கருவின் எச்சம் அந்த முடிவைக் குழப்பக்கூடும். ஒன்றை இழந்து ஒன்றைச் சுமப்பவர்களிடம் "ஒன்றாவது இருக்கிறதே" என்று சொல்லாமலிருப்பது உடனிருப்பவர்கள் செய்யக்கூடிய உதவி.

கேள்வி: மருந்தால் கருச்சிதைவு கூடுமா?

மருந்தே கருவைக் கலைக்கிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. பொதுவாக, உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் 10 முதல் 20 சதவீதம் கலைகின்றன. 40 வயதில் இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகிறது. வயதுக்கு அடுத்தபடியாகக் கட்டுப்படாத சர்க்கரையும் தைராய்டும் உடல் பருமனும் பங்கு வகிக்கின்றன. சிகிச்சையில் இருப்பவர்கள் மாதவிலக்கு தள்ளிப்போன மறுநாளே சோதிப்பதால், மற்றவர்கள் தாமதமான மாதவிலக்கு என்று நினைத்துக் கடந்துவிடும் மிகத் தொடக்கக் கலைதல்களும் இவர்கள் கணக்கில் ஏறிவிடுகின்றன.

கேள்வி: கருக்குழாயில் கரு தங்கிவிடும் ஆபத்து உண்டா?

உண்டு. இயல்பான கர்ப்பங்களிலும் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு இப்படி ஆகிறது. தூண்டல் சிகிச்சையில் இன்னொரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும்: ஒரு கரு கருப்பையிலும் இன்னொன்று குழாயிலும் ஒரே நேரத்தில் இருக்கலாம். இயல்பாக இது சுமார் முப்பதாயிரத்தில் ஒருவருக்கு நடப்பது. பல முட்டைகள் வெடிக்கும்போது வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. ஆகவே கருப்பைக்குள் கரு தெரிந்துவிட்ட பிறகும் கடும் வயிற்று வலியோ மயக்கமோ தோள்பட்டை வலியோ வந்தால், "ஸ்கேன் சரியாக இருந்ததே" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

கேள்வி: ஊசிக்குப் பிறகு வயிறு உப்பி மூச்சு வாங்குகிறது. குழந்தையைப் பாதிக்குமா?

இது சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்ட நிலையாக இருக்கலாம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேர்கிறது. கர்ப்பம் தரித்தால் கருவே சுரக்கும் ஹார்மோன் இந்தத் தூண்டலை நீட்டிக்கும் என்பதால், நல்ல செய்தி வந்த வாரத்திலேயே உடல்நிலை மோசமாவதும் உண்டு. மாத்திரைகளில் கடுமையான வடிவம் அரிது. ஆபத்து முதன்மையாகத் தாய்க்கே: நீரிழப்பு, இரத்தம் உறைதல், சிறுநீரகச் சோர்வு. சிறுநீர் குறைவது, எடை ஒரே நாளில் ஒரு கிலோ போல ஏறுவது, காலிலோ கழுத்திலோ வீக்கம் வலி என்றால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தையின் உறுப்பு வளர்ச்சியை இது குலைப்பதாக அறியப்படவில்லை.

கேள்வி: கர்ப்பப் பரிசோதனையை எப்போது செய்யலாம்? பிரசவ நாளை எப்படிக் கணக்கிடுவது?

முட்டை வெடிக்கப் போடும் ஊசியிலும் கர்ப்பப் பரிசோதனை அட்டை தேடும் அதே ஹார்மோன்தான் இருக்கிறது. அது உடலிலிருந்து நீங்கப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். அதற்குள் பார்த்தால் இரண்டு கோடு தெரிந்து ஏமாற்றும்.

பிரசவ நாள் விஷயம் சிறியதாகத் தோன்றினாலும் குழந்தையின் நலனோடு நேரடியாகத் தொடர்புடையது. கடைசி மாதவிலக்கிலிருந்து 280 நாட்கள் என்ற வழக்கமான கணக்கு, 14ஆம் நாளில் முட்டை வெடித்ததாக வைத்துக்கொள்கிறது. உங்களுக்கு 21ஆம் நாளில் வெடித்திருந்தால் அந்தக் கணக்கு ஒரு வாரம் முந்திவிடும். நலமாக வளரும் குழந்தையை "வயதுக்கு ஏற்ற வளர்ச்சி இல்லை" என்று கருதவும், தேவையில்லாமல் முன்கூட்டியே பிரசவத்தைத் தூண்டவும் அந்த ஒரு வாரம் போதும். முட்டை வெடித்த நாள் தெரிந்திருந்தால் அதோடு 266 நாட்களைக் கூட்டுங்கள். அந்தத் தேதியை மகப்பேறு மருத்துவரின் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: கர்ப்பம் என்று தெரியாமல் இந்த மாதமும் மாத்திரையை எடுத்துவிட்டேன்.

அதன் பொருட்டுக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் தேதிகளோடு சொல்லுங்கள்; 18 முதல் 22 வாரங்களுக்குள் உறுப்புகளை விரிவாகப் பார்க்கும் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு ஒருமுறை சோதித்துவிட்டு மாத்திரை தொடங்கினால் இந்தச் சங்கடமே வராது. சிறு உதிரப்போக்கை மாதவிலக்கு என்று எண்ணிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

கேள்வி: கூடவே கொடுக்கப்படும் மெட்ஃபார்மின், புரொஜெஸ்டிரோன் மருந்துகள்?

புரொஜெஸ்டிரோன், முட்டை வெடித்த பிறகு உடலே சுரக்கும் ஹார்மோன். இயற்கை வடிவில் கொடுக்கப்படுவதால் குழந்தைக்கு அது அந்நியமானதல்ல. மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் செல்கிறது. பிறவிக் குறைபாடுகளை அது கூட்டுவதாகத் தெரியவில்லை. ஆனால் கர்ப்பம் முழுவதும் மெட்ஃபார்மின் எடுத்த, சினைப்பை நீர்க்கட்டி உள்ள தாய்மார்களின் குழந்தைகள் சில வயதுக்குப் பிறகு சற்றுக் கூடுதல் எடையோடு இருந்ததாக நார்வே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே கருவுற்ற பிறகும் அதைத் தொடர்வதா என்பதை வழக்கமாக நினைத்து விட்டுவிடாமல், காரணத்தைக் கேட்டு முடிவுசெய்வது நல்லது. சர்க்கரை நோய்க்காக எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.

கேள்வி: கருவுறும் முன்பும் கர்ப்ப காலத்திலும் நான் செய்யக்கூடியது என்ன?

ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம், சிகிச்சை தொடங்கும் முன்பிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயோ வலிப்பு மருந்தோ முன்பு தண்டுவடக் குறைபாடுள்ள குழந்தையோ இருந்தால் மருத்துவர் 5 மில்லிகிராம் தருவார். தண்டுவடம் மூடுவது கருவுற்ற நான்கு வாரங்களுக்குள் முடிந்துவிடுவதால், கர்ப்பம் தெரிந்தபின் ஆரம்பிப்பது பாதி ரயிலைத் தவறவிட்டது போலத்தான். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு, மருந்து எதுவாக இருந்தாலும், கர்ப்பகாலச் சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் கூடுதலாக வருகின்றன. சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. இரட்டைக் கருவோ வேறு காரணங்களோ சேர்ந்து இரத்தக்கொதிப்பு ஆபத்து கூடியவர்களுக்கு, 12 முதல் 16 வாரங்களுக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கப்படுவது வழக்கம். அதை மருத்துவர் சொல்லியே எடுக்க வேண்டும்.

கேள்வி: குழந்தையின் மூளை வளர்ச்சி, ஆட்டிசம், புற்றுநோய் ஆகியவை பற்றி என்ன தெரியும்?

நியூயார்க் மாநிலத்தில் 5,841 குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. அவர்களில் 1,830 பேர் ஏதேனும் ஒரு கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பின் பிறந்தவர்கள், மாத்திரை ஊசி மட்டும் எடுத்தவர்களின் குழந்தைகளும் அதில் அடக்கம். இரட்டையரைக் கணக்கில் கொண்டு பார்த்தபோது வளர்ச்சியில் பின்தங்கல் எதுவும் சிகிச்சையோடு தொடர்புபடவில்லை. சுவீடனில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வும், சோதனைக்குழாய் முறைக்கும் ஆட்டிசத்துக்கும் ஒட்டுமொத்தமாகத் தொடர்பில்லை என்றது.

புற்றுநோய்க்கு டென்மார்க்கின் 2019ஆம் ஆண்டு ஆய்வு இருக்கிறது. 1996 முதல் 2012 வரை பிறந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளில், உறைய வைத்த கருவைச் செலுத்திப் பிறந்தவர்களிடம் மட்டும் சிறிய அதிகரிப்பு காணப்பட்டது. அதுவும் 14 குழந்தைகளை வைத்துச் சொல்லப்பட்டது. க்ளோமிஃபீன், கொனாடோட்ரோஃபின் உள்ளிட்ட மருந்துகளுக்கு அத்தகைய தொடர்பு தெரியவில்லை.

கேள்வி: பிறந்த குழந்தைக்குத் தனிப் பரிசோதனைகள் வேண்டுமா? தாய்ப்பால் கொடுக்கலாமா?

நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்தால் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்வதே போதும். குறைமாதம் என்றால் கண் விழித்திரையும் காதும் உரிய வாரத்தில் பார்க்கப்பட வேண்டும். வளர்ச்சியை அளக்கும்போது இரண்டு வயது வரை திருத்திய வயதைக் கணக்கிடுங்கள்: எட்டு வாரம் முந்திப் பிறந்த குழந்தை ஆறு மாதத்தில் உட்காரவில்லை என்று வருந்த வேண்டாம், அதன் திருத்திய வயது நான்கு மாதம்தான். தடுப்பூசிகளுக்கு மட்டும் பிறந்த தேதியே கணக்கு. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

கேள்வி: இந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு?

இந்தக் கவலைக்கு ஒரு வரலாறு உண்டு. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்ட டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோன், அவர்களுடைய மகள்களுக்கு இளவயதில் அரிய வகைப் புற்றுநோயை உண்டாக்கியது 1971இல் வெளிப்பட்டது. க்ளோமிஃபீன் அதோடு வேதி அமைப்பில் உறவுள்ளது என்பதால் மருத்துவர்கள் விழிப்பாக இருந்தார்கள். பெரிய வேறுபாடு, அந்த மருந்து கர்ப்பம் முழுக்க மாதக்கணக்கில் கொடுக்கப்பட்டது. இது கருவுறும் முன்பு ஐந்து நாட்கள். க்ளோமிஃபீனுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1967இல். கொனாடோட்ரோஃபின் சிகிச்சையால் முதலில் பிறந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். இத்தனை காலத்தில் அத்தகைய அலை எதுவும் எழவில்லை. மகளுக்குப் பிற்காலத்தில் மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் போனால், தாய் எடுத்த மாத்திரையைக் குற்றம் சொல்லும் முன் தாய்க்குச் சினைப்பை நீர்க்கட்டி இருந்ததா என்று பார்க்க வேண்டும். அது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது.